முகம் மட்டும் பழசானால் போதுமா?



ஜிமிக்கி, கண்டாங்கிச் சேலை, பித்தளைப் பாத்திரம் என்று பழசெல்லாம் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வருவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இப்போது அந்த வரிசையில் காரும் சேர்ந்துவிட்டது. பழைய மாடல் காரின் முகத்தையும் உடம்பையும் நினைவுபடுத்துகிற மாதிரி புதுக் காரைச் செய்கிறார்கள். இதற்கு 'ரெட்ரோ' டிசைன் என்று பெயராம். 1991-ல் வந்த 'சியரா'வை டாடா கம்பெனி 2025 நவம்பரில் புது உருவத்தில் கொண்டு வந்தபோது, நடுத்தர வயது ஆண்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "சின்ன வயசுக் கனவு" என்று உருகிப் போனார்கள்.

'கார் சமாசாரம் நமக்கு எதற்கு?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கார் வாங்கும்போது என்ன நடக்கிறது? எஞ்சின், மைலேஜ், விலை எல்லாவற்றையும் அவர்களே பேசி முடித்துவிட்டு, கடைசியில் "கலர் மட்டும் நீ சொல்லு" என்று நம்மிடம் வருவதுதான் பல வீடுகளில் வழக்கம். ஆனால், முழங்கால் வலி மாமியாரைக் கைத்தாங்கலாகப் பின் சீட்டில் ஏற்றுவது யார்? மடியில் குழந்தை, காலடியில் சாப்பாட்டுக் கூடை, பட்டுப்புடவை கசங்காமல் உட்கார வேண்டும் என்கிற கவலை, இதெல்லாம் யாருக்கு? இப்போது நம்மில் எத்தனையோ பேர் ஸ்டியரிங்கையும் பிடிக்கிறோம். ஆகவே பழைய பாணி கார் நல்லதா, கெட்டதா என்று சொல்ல நமக்குத்தான் முதல் உரிமை!

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கார் எதனால் நல்ல பெயர் வாங்கியதோ, அந்தக் குணமும் சேர்ந்து திரும்பி வந்தால் பழைய பாணி பலிக்கும். முகம் மட்டும் வந்தால், கொஞ்ச நாள் ரசித்துவிட்டு மறந்துவிடுவோம்.

நம் சமையலறையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஆட்டுக்கல்லில் குழவியைப் பிடித்து நாம் சுற்றினோம். கிரைண்டரில் குழவி நின்ற இடத்தில் நிற்க, கல் தொட்டி சுற்றுகிறது. பார்வைக்கு அது ஆட்டுக்கல் மாதிரியா இருக்கிறது? இல்லை. ஆனால் கல்லை விடவில்லை. இட்லி மாவு பொங்கி வருவதற்குக் கல்தான் காரணம் என்று தெரிந்து, அதை வைத்துக்கொண்டு, நம் இடுப்பு வலியை மட்டும் எடுத்துவிட்டார்கள். யாராவது ஒருவர் மிக்சிக்கு ஆட்டுக்கல் மாதிரி உறை போட்டு விற்றால் நாம் வாங்குவோமா? ஒரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். கார் விஷயமும் அப்படித்தான்.

முதலில் 'பீட்டில்' கதையைப் பார்ப்போம். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் கம்பெனி செய்த, வண்டு மாதிரி உருண்டையான கார் அது. சாதாரண ஜனங்கள் வாங்குகிற விலையில் ஒரு கார் என்பதுதான் அதன் பிறப்புக் காரணம். எஞ்சின் பின்னால் இருக்கும். காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையே கிடையாது. அந்த உருண்டைப் பின்புறத்துக்குள்தான் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். 2003 ஜூலையில் மெக்சிகோ நாட்டில் கடைசி வண்டி வெளிவந்தபோது, மொத்தம் 2 கோடியே 15 லட்சம் வண்டிகளுக்கு மேல் செய்திருந்தார்கள்.

அதே உருவத்தைப் புதுசாக வரைந்து 1994-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் கண்காட்சியில் வைத்தார்கள். ஜனங்கள் கொண்டாடவே, 1998-ல் 'நியூ பீட்டில்' விற்பனைக்கு வந்தது. டேஷ்போர்டில் ஒரு பூ செருகுகிற சின்னக் குடுவை கூட வைத்திருந்தார்கள். என்ன அழகு! ஆனால் உள்ளே என்ன? எஞ்சின் முன்னால் போய்விட்டது. அடித்தளம் அதே கம்பெனியின் 'கோல்ஃப்' காருடையது. எஞ்சின் இடம் மாறிய பிறகும் வண்டு உருவம் வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதால், ஓட்டுபவர் முன்னால் டேஷ்போர்டு ஒரு சாப்பாட்டு மேஜை அளவுக்கு நீண்டு கிடந்தது. பின்னால் கூரை சரிந்து இறங்கியதால் பின் சீட்டில் உட்காருபவர் தலையைக் குனிய வேண்டும். முன் சீட்டில் இருப்பவருக்கு இடம் தாராளம், பின் சீட்டில் இருப்பவருக்குத் தண்டனை!

இன்னொரு வேடிக்கை. இந்தப் புது பீட்டில் 2009 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது விலை சுமார் 20 லட்சம் ரூபாய். எளியவர்களுக்கு என்று பிறந்த காரின் முகத்தைப் பணக்காரர் வீட்டுப் பொம்மைக்கு ஒட்டிவிட்டார்கள். 2011-ல் உருவத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார்கள், பூக்குடுவையையும் எடுத்துவிட்டார்கள். 2019 ஜூலையில் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்தது இங்கிலாந்தின் 'மினி'. 1956-ல் சூயஸ் கால்வாய்ப் பிரச்னையால் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. குறைந்த பெட்ரோலில் ஓடுகிற சின்ன கார் வேண்டும் என்று அலெக் இசிகோனிஸ் என்ற எஞ்சினியரிடம் சொன்னார்கள். அவர் செய்த கெட்டிக்காரத்தனம் என்ன தெரியுமா? எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். முன் சக்கரத்தை ஓட வைத்தார். சக்கரத்தை 10 அங்குலமாகக் குறைத்தார். பத்தடி நீளமே உள்ள வண்டியில், 80 சதவிகித இடத்தை மனிதர்களுக்கும் மூட்டை முடிச்சுக்கும் ஒதுக்கினார். ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்காமல் பக்கவாட்டில் தள்ளுகிற மாதிரி வைத்ததால், கதவுக்குள் பெரிய பை மாதிரி இடம் கிடைத்தது. சின்ன வீட்டில் பரணும் அலமாரியும் வைத்துக் குடும்பம் நடத்துகிற பெண்ணின் மூளை அது என்று தோன்றுகிறதல்லவா? 1959-ல் வந்த அந்த வண்டி 2000 வரை ஓடியது.

2001-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி புது மினியைக் கொண்டு வந்தது. முகம் அச்சு அசல் அதே முகம். நடுவில் வட்டமான பெரிய ஸ்பீடோமீட்டர் வேறு. ஆனால் நீளம் சுமார் 12 அடி! வெளியே இரண்டடி வளர்ந்தும், பின் சீட்டில் காலை நீட்ட இடமில்லை; டிக்கியும் சின்னதுதான். இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகவே பிறந்த வண்டியின் வாரிசு, இடத்தை வீணடிக்கிறது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இது நன்றாக விற்றது, இன்றும் விற்கிறது. ஓட்டுவதற்குச் சுகமாக இருக்கிறது என்று ஓட்டியவர்கள் சொல்கிறார்கள். பழைய மினிக்கும் அந்தப் பெயர் உண்டு. அந்த ஒரு குணத்தை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் பிழைத்தது என்பது என் எண்ணம். கடைசியில் 2014-ல் அவர்களே பின்னால் இரண்டு கதவு சேர்த்து ஒரு மினியைச் செய்தார்கள். பின் சீட்டுக்காரர்களின் முணுமுணுப்பு எப்படியோ காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது!

இத்தாலியின் 'ஃபியட் 500' கதையும் இதே மாதிரிதான். 1957 ஜூலை 4-ல் பிறந்த குட்டி கார். போருக்குப் பிறகு, ஸ்கூட்டரில் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போனவர்களுக்காக தாந்தே ஜியகோசா என்பவர் வடிவமைத்தது. சரியாக 50 வருஷம் கழித்து, 2007 ஜூலை 4-ல் புது 500 வந்தது. பழைய வண்டி மூன்று மீட்டர் கூட இல்லை. புதுசு மூன்றரை மீட்டருக்கு மேல். இரண்டே கதவு. முன் சீட்டை மடக்கி, குனிந்து, உடம்பைத் திருப்பி உள்ளே போக வேண்டும். புடவையோடு ஒரு தடவை போய்ப் பாருங்கள், புரியும்! 2020-ல் மின்சார 500 வந்தபோது, ஒரு பக்கம் மட்டும் பின்னாலிருந்து திறக்கிற குட்டிக் கதவு ஒன்றை வைத்து ஒரு மாடல் செய்தார்கள். கவனித்தீர்களா? முதலில் முகம் வருகிறது. அதன் பிறகு வருஷக்கணக்கில் கழித்துத்தான் கதவு வருகிறது.

வண்டி ஏன் இப்படிப் பெருத்துவிட்டது என்று நாம் நியாயமாகவும் யோசிக்க வேண்டும். பழைய சின்ன கார்களில் விபத்து நடந்தால் மோதலைத் தாங்க ஒன்றுமே கிடையாது. இப்போது மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிற முன்பகுதி, ஏர்பேக், கனமான கதவு, தடித்த தூண் எல்லாம் வேண்டும். புது ஃபியட் 500, 2007-ல் ஐரோப்பாவின் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அந்த நட்சத்திரத்துக்காக வண்டி ஓரடி பெருத்தால் பெருக்கட்டும். பிள்ளைகளின் உயிரை விடப் பழைய அழகு பெரிதில்லை. நான் குறை சொல்வது பெருத்ததை அல்ல. பெருத்த பிறகும் பின்னால் இருப்பவருக்கு ஒரு சாண் இடம் தராததைத்தான்.

பழைய பாணியும் வேண்டும், வசதியும் வேண்டும் என்று யாரும் செய்ததில்லையா? செய்தார்கள். அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி 2000-ல் 'பி.டி. குரூசர்' என்று ஒன்றை விட்டது. 1930-களின் கார் மாதிரி குமிழ்ந்த மட்கார்டு, ஒடுங்கிய முகம். ஆனால் உயரமான கூரை, நான்கு கதவு, பின்னால் மேலே தூக்குகிற பெரிய கதவு. பின் சீட்டைக் கழற்றி எடுத்துவிட்டால் மூட்டை மூட்டையாக ஏற்றலாம். பத்து வருஷத்தில் 13 லட்சம் வண்டி போல விற்றது. அதே சமயம் அங்கே ஃபோர்டு கம்பெனி, தன்னுடைய 1955-ம் வருஷத்து 'தண்டர்பேர்ட்' காரை அழகு சொட்டச் சொட்டத் திரும்பச் செய்தது. இரண்டே பேர் உட்காரலாம். 2002 மாடலாக வந்து 2005-லேயே முடிந்துவிட்டது. இரண்டுக்கும் முகம் பழசுதான். ஒன்றில் குடும்பம் போகலாம், மற்றதில் போக முடியாது.

ஆனால் பி.டி. குரூசரும் 2010-ல் நின்றுவிட்டது. இது பழைய பாணியின் இன்னொரு சங்கடம். அடுத்த மாடலை எப்படிச் செய்வது? மறுபடியும் பழசைப் போலவே செய்தால் "இதைத்தான் பார்த்தாச்சே" என்பார்கள். மாற்றினால் "பழைய அழகு போச்சே" என்பார்கள். 'போர்ஷே 911' என்று ஒரு பந்தயக் கார் மாதிரி வண்டி 1964-லிருந்து வருகிறது. அதை நடுவில் நிறுத்தவே இல்லை. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே வந்தார்கள். அதனால் அதை யாரும் 'ரெட்ரோ' என்று சொல்வதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிற ரசப்பொடி அளவு மாதிரி அது. நடுவில் விட்டுப்போனதைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

சமீபத்தில் வந்ததில் எனக்குப் பிடித்தது பிரான்சின் 'ரெனோ 5'. 1972-ல் வந்த குட்டி காரை 2024-ல் மின்சாரக் காராகத் திரும்பச் செய்திருக்கிறார்கள். பழைய வண்டியின் பானெட்டில் காற்றுப் போக ஒரு பக்கமாகத் திறப்பு இருக்கும். மின்சாரக் காருக்கு அது தேவையில்லை. அந்த இடத்தில் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று காட்டும் விளக்கை வைத்துவிட்டார்கள். வீட்டு வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பழைய இடத்துக்குப் புது வேலை! நான்கு பேருக்கு நான்கு கதவும் உண்டு. பின்னால் கால் வைக்க இடம் நெருக்கடிதான். இருந்தாலும் 2025-ம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் பரிசு இதற்குத்தான் கிடைத்தது.

நம் 'சியரா'வுக்கும் வருவோம். 1991-ன் சியராவில் பின்பக்கத்துக் கண்ணாடி கூரை வரை வளைந்து ஏறும். அதைப் பார்த்துத்தான் அத்தனை பேர் மயங்கினார்கள். ஆனால் பின்னால் உட்காருபவருக்குத் தனிக் கதவு கிடையாது. முன் சீட்டை மடக்கித்தான் நுழைய வேண்டும். 2025-ன் சியராவில் பின்னால் இரண்டு கதவு வைத்துவிட்டார்கள். வளைந்த கண்ணாடியை அப்படியே கொண்டு வராமல், கறுப்புப் பூச்சினால் அந்தத் தோற்றத்தை மட்டும் காட்டியிருக்கிறார்கள். "இது ஏமாற்று வேலை, அசல் சியரா இல்லை" என்று பழைய ரசிகர்கள் சிலர் கோபப்படுகிறார்கள். கோபப்படட்டும்! அழகுக்கும் வசதிக்கும் சண்டை வந்த இடத்தில், இந்தத் தடவை வசதி ஜெயித்திருக்கிறது. என் ஓட்டு அந்தக் கதவுகளுக்குத்தான்.

"எல்லாவற்றையும் உபயோகத்தை வைத்தே எடை போட்டால் எப்படி? பார்த்ததும் மனசு சந்தோஷப்பட வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடியற்காலையில் கோலம் போடுகிற நமக்கா அழகின் அருமை தெரியாது? தெருவில் ஓடும் கார்களெல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி முறைத்த முகத்தோடு இருக்கும்போது, வட்ட விளக்கோடு சிரிக்கிற ஒரு கார் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாசலில் எத்தனை பெரிய கோலம் போட்டாலும், வந்தவர் உள்ளே வர வழி விட்டுத்தானே போடுகிறோம்?

உண்மையிலேயே பழசிலிருந்து எடுத்து வர வேண்டியவை நிறைய இருக்கின்றன. பழைய கார்களில் ஜன்னல் கீழே வரை இருக்கும். குழந்தை உட்கார்ந்தபடியே வெளியே பார்க்கும். இப்போது கதவு மேலே ஏறி, கண்ணாடி குறுகி, குழந்தைக்குத் தெரிவது முன் சீட்டின் முதுகுதான். வெளியே பார்க்க முடியாவிட்டால் வாந்தி வரும் என்பது மலைப்பாதையில் போன எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். பட்டன் விஷயமும் அப்படித்தான். முன்பு கையால் தடவியே வைப்பரைப் போடலாம். இப்போது பல கார்களில் எல்லாமே டி.வி. மாதிரித் திரையில்; ரோட்டை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் மோதல் சோதனை நடத்தும் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஆபத்து விளக்கு போன்றவற்றுக்குத் தனிப் பட்டன் இருந்தால்தான் முழு மதிப்பு என்று சொல்லிவிட்டது. பழசின் அருமை எங்கே இருக்கிறது பாருங்கள்! வட்ட விளக்கில் அல்ல, அந்தச் சின்னக் குமிழில்.

அம்பாசிடர் கார் நம் எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைப் பார்த்து 1950-களின் கடைசியில் செய்ய ஆரம்பித்து, 2014-ல் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் நிறுத்தினார்கள். அந்தப் பெயரை 2017-ல் பிரான்சின் பெஜோ கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். "அம்பாசிடர் திரும்ப வரப்போகிறது" என்று அவ்வப்போது பேச்சு எழுகிறது. வந்தால் சந்தோஷம். ஆனால் எது வர வேண்டும்? அந்த உருண்டை முகமா? நான் சொல்கிறேன், அந்தப் பின் சீட்டு வர வேண்டும். பாட்டி குனியாமல், யாரும் கை கொடுக்காமல் ஏறி, சோபாவில் உட்காருவது போல உட்கார்ந்தாளே, அந்த உயரமும் அகலமும் வர வேண்டும். கனமான ஸ்டியரிங்கும், ஏர்பேக் இல்லாத டேஷ்போர்டும் வரவே வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், தோழிகளே. உங்கள் வீட்டில் பழைய பாணி கார் வாங்கப் பேச்சு எழுந்தால், கலர் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஷோரூமுக்கு நீங்களும் போங்கள். புடவையோடே போங்கள். முதலில் பின் சீட்டில் ஏறி இறங்குங்கள். வீட்டுப் பெரியவரை அழைத்துப் போய் ஏற்றிப் பாருங்கள். குழந்தைக்கு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். டிக்கியில் உங்கள் வீட்டு ஊர்ப் பயணப் பெட்டி நுழையுமா என்று பாருங்கள். ஓட்டுகிறவராக இருந்தால், ரோட்டைப் பார்த்தபடியே எந்தெந்த பட்டனைத் தொட முடிகிறது என்றும் பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகு அந்த வட்ட விளக்கு முகம் உங்களைப் பார்த்துச் சிரித்தால், நீங்களும் தாராளமாகச் சிரித்து வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்!

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே? உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பின் சீட்டில் உட்காரும் ஒரு வாசகி